மறைத்து வளர்க்கும் மண்

செப்டம்பர் பிறந்ததும் ரொறன்ரோவின் தோட்டக்கடை வாசல்களில் வலைப்பைகள் தொங்கத் தொடங்கிவிடும். ரியூலிப், டஃபடில் என்று உருண்டு திரண்ட குமிழ்களுக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அகலமான, சற்றுத் தட்டையான, பழுப்பு நார்ச்சட்டை போர்த்திய கிழங்குகளும் இருக்கும். அவைதான் குறோக்கஸ். கையில் எடுத்தால் பாரம் தெரியாது. பார்ப்பதற்கு உயிர் போன பொருளாகவே தோன்றும். அதை நடுவே பிளந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஆறு மாதம் கழித்துப் பனியை விலக்கிக்கொண்டு வரவேண்டிய பூ அப்போதே உள்ளே இருப்பது தெரியும். ஆறு இதழும், மூன்று கேசரமும், நடுவில் சூல்தண்டும் அதனதன் இடத்தில் அமைந்து முடிந்திருக்கும். வசந்தம் வந்து அந்தப் பூவை உண்டாக்குவதில்லை. கோடையில், இலை காய்ந்து மண்ணுக்கு மேலே ஒன்றுமே இல்லாதிருந்த நாட்களில், எவர் கண்ணிலும் படாமல் அது உண்டாகிவிட்டது.

சைவர்கள் இறைவனுக்கு ஐந்து தொழில் சொல்வார்கள். படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் எவருக்கும் விளங்கும். அருளல் என்றால் நெஞ்சு தானாகவே குளிரும். இவற்றுக்கு நடுவே நாலாவதாக நிற்கும் மறைத்தல்தான் எளிதில் மனதில் இறங்காதது. மறைப்பது எப்படி ஒரு தெய்வத் தொழிலாகும்? கூத்தப்பிரானின் தூக்கிய திருவடி அருளலைக் காட்டுகிறது, முயலகன் மேல் ஊன்றிய திருவடி மறைத்தலைக் காட்டுகிறது என்று சித்தாந்த நூல்கள் விளக்கும். கோயிலில் கண்கள் தூக்கிய திருவடியிலேயே போய் நிற்கும். இந்தக் குளிர்நாட்டில் குறோக்கஸ் வளர்க்கத் தொடங்கிய பிறகு, ஊன்றிய திருவடியையும் நான் நின்று வணங்குகிறேன். இந்தப் பூவின் ஆண்டில் பெரும்பங்கு மறைவிலேயே கழிகிறது. படைத்தலும் காத்தலும் அந்த மறைவுக்குள்ளேதான் நடக்கின்றன.

கிழங்கு என்று சொன்னேன். இது வெங்காயம் போல இதழிதழாக உரியாது. நம்மூர்க் கரணைக்கிழங்கின் வகை. உள்ளே ஒரே திண்மமாக, மாப்பொருள் நிறைந்த தண்டு. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள், பால்கன் மலைச்சரிவுகள், துருக்கி, அங்கிருந்து நடு ஆசியா வரை இந்தப் பேரினத்தின் தாய்நிலம். அங்கே மழையும் ஈரமும் குளிர்காலத்தில் வரும், கோடை எரிக்கும். வைகாசி முடியும் முன்பே புல் கருகிவிடும் அந்த மலைகளில் ஒரு சிறு செடி பிழைக்க வேண்டுமானால் வெயில் ஏறுமுன் உணவைச் சேர்த்துக்கொண்டு நிலத்துக்குள் போய்விட வேண்டும். ஆகவே இந்தக் கிழங்கு வறட்சிக்காக அமைந்த சேமிப்பு. வறட்சியைத் தாண்டக் கொடுக்கப்பட்ட அதே கொடை, ஒன்ராறியோவின் உறைபனியைத் தாண்டவும் போதுமானதாக இருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். கொடுத்தவன் ஒரு தேவைக்கு அளந்து கொடுத்ததாகத் தெரியவில்லை.

கிழங்கின் ஆண்டுக் கணக்கு இன்னும் வியப்பானது. நாம் நட்ட கிழங்கு ஓராண்டுதான் வாழும். பூவுக்கும் இலைக்கும் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும். அதன் உச்சியிலேயே புதுக்கிழங்கு பிறக்கும். தாயின் தலைமேல் பிள்ளை, பிள்ளையின் தலைமேல் பேரப்பிள்ளை என்று ஆண்டுதோறும் அடுக்கிக்கொண்டே போனால் சில ஆண்டுகளில் கிழங்கு மண்ணுக்கு வெளியே வந்துவிட வேண்டும் அல்லவா? வருவதில்லை. புதுக்கிழங்கு தன் அடியிலிருந்து தடித்த, வெண்மையான தனிவகை வேர்களை இறக்கும். அவை ஆழத்தில் மண்ணைப் பற்றிக்கொண்டு, பிறகு நீளம் குறைந்து தோல் மடிந்து சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் கிழங்கு மெல்ல மெல்லக் கீழே இழுபடும். தனக்கு ஏற்ற ஆழம் வந்ததும் இழுப்பு நிற்கும். ஆழம் எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? பகலுக்கும் இரவுக்கும் மண்ணில் ஏறி இறங்கும் வெப்பமும், உள்ளே இறங்கும் ஒளியும் மேலே மிகுதி, கீழே குறைவு. அந்த வேறுபாட்டைச் செடி உணர்கிறது. கண்ணில்லாத ஒன்று தன் இடத்தை அறிந்து இறங்குகிறது.

நடும் காலத்துக்கு நமது நாட்காட்டியே நல்ல வழிகாட்டி. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் நாளில் தொடங்கி, தீபாவளிக்கு விளக்கேற்றும் நாளுக்குள் நட்டு முடித்துவிட வேண்டும். மண் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. வேர் ஓட சில கிழமைகள் தேவை. எட்டு முதல் பத்துச் சென்ரிமீற்றர் ஆழம், கிழங்குக்குக் கிழங்கு ஒரு சுண்டுவிரல் நீள இடைவெளி. கூர்முனை மேலே பார்க்க வேண்டும். தவறிச் சாய்ந்துவிட்டாலும் தளிர் வழி கண்டுபிடித்து நிமிர்ந்துவிடும். வரிசையாக நடுவதை நான் விரும்புவதில்லை. ஒரு குழிக்குள் பத்துப் பன்னிரண்டு கிழங்குகளைச் சேர்த்து வைத்து மூடினால், பூக்கும்போது அந்த இடம் தானாக முளைத்த காட்டுத்திடல் போல நிறைந்து நிற்கும்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர்கள் வாங்கியிருக்கும் வீடுகளின் மண் பெரும்பாலும் களிமண். தண்ணீர் நின்றால் குறோக்கஸ் அழுகிவிடும். களிக்குள் வெறும் மணலைக் கலப்பது பயன் தராது. அது காய்ந்தபின் கல்லாகிவிடும். நன்றாக மக்கிய கூட்டெருவையும் இலைமக்கையும் கலந்து, நடும் இடத்தைச் சற்று மேடாக்கினால் போதும். நடைபாதையின் ஓரத்தை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் பாதையில் கொட்டும் உப்பு உருகி அந்த மண்ணில்தான் இறங்குகிறது. வீட்டின் தெற்குச் சுவரடி மிக நல்ல இடம். நிலவறைச் சுவரிலிருந்து கசியும் சூட்டினால் அங்கே ஒரு கிழமையாவது முந்திப் பூக்கும்.

அணிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்த் தோட்டம் பேச முடியாது. ரொறன்ரோவின் கறுப்பு அணிலும் சாம்பல் அணிலும் ஒரே இனம்தான், நிறம் மட்டுமே வேறு. இரண்டுக்கும் புதிதாகக் கிளறிய மண் என்றால் கொண்டாட்டம். நட்டு முடித்து வீட்டுக்குள் போய்க் கை கழுவும் நேரத்தில் பாதிக் கிழங்கைத் தோண்டி எடுத்துவிடும். நட்ட இடத்தின்மேல் கோழிவலையை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, மேலே சருகைப் பரப்பிவிட்டால் அது தடுத்துவிடும். வலைக்கண் வழியாகவே தளிர் வெளியே வரும். பால்கன் பகுதியிலிருந்து வந்த தொம்மாசினிக் குறோக்கஸ் இனத்தை அணில்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. திரியெஸ்தே நகரத்தின் மேயராகவும் தாவர ஆய்வாளராகவும் இருந்த தொம்மாசினியின் பெயர் கொண்ட மெல்லிய ஊதாப்பூ அது. கடைகளில் முதலில் கண்ணைப் பறிப்பவை ஒல்லாந்தில் பெருக்கப்பட்ட பெரிய பூக்கள். என் மனம் இந்தச் சிறியவற்றின் பக்கமே நிற்கிறது. முந்திப் பூப்பதும், தானாக விதை விழுந்து பரவுவதும் இவைதான்.

பிறகு குளிர் இறங்குகிறது. மார்கழியில் நிலம் இறுகும். தை, மாசியில் இரவுக் குளிர் சில நாட்களில் -20 பாகை செல்சியஸ் வரை இறங்கும். 2013 டிசம்பரில் வந்த ஐஸ் புயலை இங்குள்ள தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மரக்கிளைகள் பனிக்கட்டிப் பாரத்தில் முறிந்து மின்கம்பிகள் மேல் விழ, நகரத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்துபோயின. நத்தார் நாட்களில் வீடுகள் இருண்டு விறைத்தன. பெரிய மரங்களே பிளந்துபோன அந்தக் குளிர்காலம் முடிந்தபோது, குறோக்கஸ் தன் வழக்கப்படி மேலே வந்தது.

அதைக் காத்தது பனிதான். புதிதாக விழுந்த பனியின் பருமனில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அந்தக் காற்று அசையாமல் அடைபட்டிருப்பதால், மேலே -20 பாகை இருக்கையில் ஓரடிப் பனிக்குக் கீழே மண் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். கிழங்கு தன் மாப்பொருளில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக்கி உயிரணுக்களுக்குள் வைத்துக்கொள்ளும். சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. பனி இல்லாமல் வெறும் நிலம் உறைந்தும் உருகியும் மாறிமாறிக் கிடக்கும் குளிர்காலங்களே இந்தச் செடிக்கு ஆபத்தானவை. அப்போது மண் விம்மிப் புடைத்து, மேலாக நட்ட கிழங்கை வெளியே தள்ளிவிடும். நிலம் இறுகிய பிறகு மேலே சருகு போடச் சொல்வது இதற்காகத்தான். போர்வை சூடு தருவதற்காக அல்ல, குளிர் ஒரே சீராக இருப்பதற்காக.

குளிரை இந்தச் செடி பொறுத்துக்கொள்வதோடு நின்றுவிடவில்லை. அது அதற்குத் தேவை. 12 முதல் 15 கிழமை தொடர்ச்சியான குளிர் கிடைத்தால்தான் உள்ளே அடங்கியிருக்கும் பூவின் குழல் நீண்டு மேலே வரும். அந்தக் குளிர் இல்லாவிட்டால், எல்லா உறுப்பும் முழுமையாக அமைந்த அந்தப் பூ கிழங்குக்குள்ளேயே அடைபட்டுக் கருகிவிடும். யாழ்ப்பாணத்து மண்ணில் இதை நட்டுப் பூக்கக் காத்திருப்பது வீண். அங்குள்ள நிலம் இதைவிடச் செழிப்பானது, வெயில் தாராளமானது; ஆனால் இந்தப் பூவைத் திறக்கும் சாவி குளிரின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. எதைக் கொல்லும் பருவம் என்று நாங்கள் சன்னலை மூடிக்கொண்டு வெறுக்கிறோமோ, அந்தப் பருவத்தின் பெயரில்தான் இதன் மலர்ச்சி எழுதப்பட்டிருக்கிறது.

பங்குனி நடுப்பகுதியில், வாகனப் பாதையின் ஓரம் ஒதுக்கிய பனிக்குவியல் கறுத்து உருகிக்கொண்டிருக்கும்போது, முதல் முளை தெரியும். வெள்ளைக் காகிதம் போன்ற உறை ஒன்று இலைகளையும் மொட்டையும் சேர்த்துச் சுற்றி, கூரிய முனையோடு மண்ணைத் துளைத்து வரும். உறைந்த மண்ணை மென்மையான இதழ் கிழிக்க முடியாது. அதனால் இதழுக்கு முன்னே உறை வருகிறது. வெளிச்சம் கண்டதும் உறை பிளந்து, நடுவில் வெள்ளைக்கோடு ஓடும் ஒடுங்கிய பச்சை இலைகள் விரியும். பிறகு மொட்டு.

இந்தப் பூவின் உடலமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணில் படாத ஒன்று. பூவைத் தாங்கி நிற்கும் வெண்மையான காம்பு என்று நாம் நினைப்பது காம்பே அல்ல. ஆறு இதழ்களும் கீழே ஒன்றாக இணைந்து நீண்ட குழல் அது. அந்தக் குழல் மண்ணுக்குள் இறங்கிப் போய், கிழங்கின் உச்சியருகே முடிகிறது. அங்கேதான் சூலகம் இருக்கிறது. விதையாகப்போகும் சூல்கள் அத்தனையும், மேலே பூ விரிந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது, மண்ணுக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன. சித்திரை மாதத்து இரவுப் பனி இதழைக் கருக்கலாம், முயல் வந்து பூவைக் கடித்துக்கொண்டு போகலாம். கருவறைக்கு ஒன்றும் நேராது. மேலே வந்து விழும் மகரந்தம் ஒன்று, பூவின் உச்சியிலிருந்து மண்ணின் அடிவரை அந்த நீண்ட சூல்தண்டு வழியாகத் தன் நுண்குழாயை இறக்கி, இருளில் சூலைத் தேடிப் போகிறது. தாய்மையை மண்ணுக்குள் மறைத்து வைத்த கருணையை என்னவென்று சொல்வது!

பூ திறப்பதும் மூடுவதும் இன்னொரு அதிசயம். வெயில் பட்டதும் குறோக்கஸ் அகல விரியும். ஒரு மேகம் சூரியனை மறைத்துக் குளிர்காற்று வீசினால் சில நிமிடங்களில் கூம்பத் தொடங்கும். ஜெர்மனியின் தாவர அறிஞர் வில்ஹெல்ம் பெஃபர் 1873இல் இதை ஆராய்ந்தார். இந்தப் பூவை அசைப்பது பெரும்பாலும் ஒளி அல்ல, வெப்பம் என்று காட்டினார். அரைப் பாகை வெப்ப வேறுபாட்டைக்கூடக் குறோக்கஸ் உணர்ந்துவிடும். வெப்பம் ஏறும்போது இதழின் உட்புறத் தோல் விரைந்து வளர்கிறது. இதழ் வெளியே வளைகிறது. குளிரும்போது வெளிப்புறம் விரைந்து வளர்கிறது. இதழ் உள்ளே குவிகிறது. தசையும் நரம்பும் இல்லாத உடலில் வளர்ச்சியே அசைவாகிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இதழ் சிறிது நீள்கிறது. பூத்த முதல் நாளில் பார்த்த பூவை ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

2018ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு அன்று, ஏப்ரல் 14ஆம் திகதி, தெற்கு ஒன்ராறியோவில் உறைமழையும் பனிக்கட்டித் துகளும் கொட்டின. இரண்டு நாள் ஓயவில்லை. கோயிலுக்குப் போகப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். எங்கள் முன்வளவில் குறோக்கஸ் பூத்து நின்ற இடம் முழுவதும் வெண்ணிறத் துகள் மூடிவிட்டது. மூன்றாம் நாள் கையால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பூவும் இதழ்களை இறுக்கி முறுக்கிக் கொண்டு கூர்மொட்டாக நின்றது. உள்ளே மகரந்தம் ஒரு துளி நனையவில்லை. வெயில் வந்த நாளில் அவை திறந்தன. நடுவே செம்மஞ்சள் சூல்முடி, மணி மணியாக மகரந்தம், குறை ஒன்றுமில்லை. சிலவற்றின் இதழ் நுனி மட்டும் கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது. புத்தாண்டுக்குக் கனி பார்ப்பதாக எண்ணி அன்று அவற்றைப் பார்த்தேன்.

அந்த மகரந்தத்துக்காகக் காத்திருப்பவை உண்டு. பம்பிள் தேனீக்களில் இலையுதிர்காலத்தோடு கூட்டம் முழுவதும் இறந்துவிடும். கருவுற்ற இளம் இராணிகள் மட்டும் தனித்தனியாக மண்ணுக்குள் புகுந்து குளிர்காலத்தைக் கழிக்கும். அவற்றுள் ஒன்று ஏப்ரலில் வெளியே வரும்போது அதன் வயிற்றில் முழுக் குலமும் இருக்கிறது. நிலத்தில் உணவோ அநேகமாக ஒன்றுமில்லை. மேப்பிள் மரத்தின் பூவும் வில்லோவின் பூவும் வரும்வரை அதற்கு எட்டும் சில கிண்ணங்களுள் குறோக்கஸ் ஒன்று. பறப்புத் தசைகளை நடுங்கவைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பத்துப் பாகைக்கும் குறைந்த குளிரிலே அந்த இராணி பூவுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். மண்ணில் தனித்தனி வளை தோண்டி, தன் குஞ்சறைச் சுவருக்குக் கண்ணாடித்தாள் போன்ற, நீர் புகாத மெல்லிய பூச்சுப் பூசும் ஒரு சிறு காட்டுத்தேனீயும் இந்த நாட்களில்தான் வெளிவரும். பூவும் தேனீயும் ஒரே குளிரை ஒரே மண்ணுக்குள் கழித்துவிட்டு, ஒரே கிழமையில் மேலே வருகின்றன. ரொறன்ரோ 2016இல் கனடாவின் முதல் தேனீ நகரமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு நம் பங்காக வளவுக்குள் இருபது கிழங்கு நடுவது பெரிய காரியமில்லை. பூச்சிமருந்து மட்டும் பக்கத்தில் வரக் கூடாது.

ஹை பார்க்கில் செர்ரி பூக்கும்போது நகரமே திரண்டுபோகிறது. 1959இல் தோக்கியோ மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய 2,000 மரங்களின் புகழ் அது. குறோக்கஸுக்கு அப்படி ஒரு திருவிழா இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் லோரன்ஸ், லெஸ்லி வீதிகள் சந்திக்கும் இடத்தில் உள்ள ரொறன்ரோ தாவரவியல் பூங்காவுக்கு ஒரு வெயில் நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முழங்காலில் நின்றுதான் இந்தப் பூவைப் பார்க்க முடியும். அப்படிக் குனிய வைப்பதும் அதன் அருள்தான்.

இதே குடும்பத்தில் நமக்கு நெடுநாள் உறவான ஒன்று உண்டு. கர்ப்பிணிக்குப் பாலில் கரைத்துக் கொடுப்பதும், சுவாமிக்குச் சந்தனத்தோடு இழைப்பதுமான குங்குமப்பூ ஒரு குறோக்கஸின் சூல்முடி. ஊதாநிறப் பூ ஒன்றுக்கு மூன்று சிவந்த இழை. ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ 150 பூக்களை விடியலில் பறித்து, விரல் நுனியால் இழை பிரிக்க வேண்டும். காஷ்மீரின் பாம்பூர் வயல்களில் ஐப்பசியில் அந்த அறுவடை நடக்கும். 2020இல் அந்தக் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிரேக்கத்தின் சந்தோரினித் தீவில், எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி ஊரின் சுவரோவியம் ஒன்றில் பெண்கள் இதே பூவைக் கொய்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஓவியத்துக்கு வயது 3,500 ஆண்டுகளுக்கு மேல்.

குங்குமப்பூச் செடிக்கு விதை இல்லை. அதன் உயிரணுக்களில் நிறமூர்த்தங்கள் இரண்டிரண்டாக அல்ல, மும்மூன்றாக அமைந்திருப்பதால் அது மலடு. ஏதென்ஸைச் சூழ்ந்த அற்றிக்காப் பகுதியில் தானாக வளரும் ஒரு காட்டுக் குறோக்கஸே அதன் மூதாதை என்று 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் காட்டின. அது தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை உலகில் உள்ள ஒவ்வொரு குங்குமப்பூச் செடியும் யாரோ ஒருவர் தாய்க்கிழங்கிலிருந்து சிறுகிழங்கைப் பிரித்து நட்டதால் வந்தது. மூவாயிரம் ஆண்டுக்கும் மேலாக மனிதக் கை ஒருநாளும் கைவிடாத செடி அது. ரொறன்ரோவிலும் இதை வளர்க்கலாம். ஓகஸ்ட் முடிவில், பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்தில், வெயில் நன்றாக விழும், தண்ணீர் வடியும் மேட்டில் நடவேண்டும். ஒக்ரோபரில் பூக்கும். இதன் இலை குளிர்காலம் முழுவதும் பச்சையாக நிற்கும் இயல்புடையதால் சருகு மூடாக்கு அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலையுதிர்காலக் குறோக்கஸ் என்ற பெயரில் இலையில்லாமல் மண்ணிலிருந்து நேரே எழும் ஒரு பூவும் கடைகளில் விற்கிறது. அது குறோக்கஸே அல்ல, கொல்சிக்கம். உடம்பு முழுவதும் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு. குங்குமப்பூ என்று எண்ணி அதைப் பாலில் போட்டால் உயிர் போகும். வேறுபாடு காண்பது எளிது: குறோக்கஸுக்குக் கேசரம் மூன்று, கொல்சிக்கத்துக்கு ஆறு. அந்த நஞ்சுப்பூ யாருக்கு உறவு என்று பார்த்தால், நம் கார்த்திகைப்பூவுக்குத்தான். தமிழ்நாட்டின் மாநில மலரும், ஈழத்தவர் கார்த்திகை மாதத்தில் தம் பிள்ளைகளை நினைந்து ஏந்தும் மலருமான செங்காந்தள் அதே குடும்பம். அதன் கிழங்கிலும் விதையிலும் அதே கொல்சிசின். மூட்டுவாதத்துக்கு மருந்தாக அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கத் தமிழ்நாட்டில் காந்தள் வயல் வயலாகப் பயிராகிறது. காந்தளும் வறட்சியில் கலப்பை வடிவக் கிழங்காக மண்ணுக்குள் கிடந்து, மழை மணத்ததும் கொடியாக எழுவது. ஒன்று பனிக்குக் கீழே, ஒன்று காய்ந்த செம்மண்ணுக்குக் கீழே. இரண்டையும் மறைத்து வைத்துக் காலம் பார்த்து அனுப்பும் கை ஒன்றுதான்.

பூ உதிர்ந்தபின் செய்யவேண்டிய பராமரிப்புதான் உண்மையான பராமரிப்பு. பலர் கவனம் தவறுவதும் அங்கேதான். பூ போனதும் இலை நீண்டு புல்லோடு புல்லாகச் சரியும். பார்க்க அழகில்லை. அடுத்த வீட்டு அக்கா ஒருமுறை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “உது வெறும் புல்லெல்லே தம்பி, மெசினைப் போட்டு வெட்டிவிடுங்கோவன்” என்றார். “அக்கா, இன்னும் ஆறு கிழமை பொறுங்கோ. அடுத்த வருசப் பூ இப்பதான் சாப்பிடுது” என்றேன். அது வெறும் பேச்சில்லை. ஏப்ரல், மே மாதத்து வெயிலை அந்த ஒடுங்கிய இலைகள் உண்டு கீழே அனுப்பும் உணவில்தான் புதுக்கிழங்கு பருக்கிறது. மஞ்சளாகித் தானாகச் சாயும் முன் இலையை வெட்டினால், அடுத்த ஆண்டு இலை மட்டும் வரும். அதற்கடுத்த ஆண்டு அதுவும் வராது. புல்தரையில் நட்டிருந்தால் ஜூன் பிறக்கும்வரை வெட்டும் இயந்திரத்தை அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள். வெங்காயத்தாள் போல முடிச்சுப் போட்டு அடக்கி வைப்பதும் வேண்டாம். பசளை கொடுப்பதானால் இலை எழும் நாளில் சிறிது போதும்.

மே மாதத்து விக்ரோறியா நாள் வார இறுதியில் நம்மவர் பின்வளவுகள் எல்லாம் மண்வெட்டிச் சத்தத்தால் நிறைந்துவிடும். கத்தரி, மிளகாய், தக்காளி, பயிற்றை, பாகல், குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் காப்பாற்றிய கறிவேப்பிலைச் சாடி என்று அத்தனையும் வெளியே வரும் நாள் அது. அந்த உற்சாகத்தில் குறோக்கஸ் கிழங்குகள் வெட்டுப்பட்டுப் போகின்றன. நட்ட இடத்தில் ஒரு தடியையோ கல்லையோ அடையாளமாக வையுங்கள். இன்னொன்று: மரக்கறிப் பாத்திக்கு நாளாந்தம் ஊற்றும் தண்ணீர் குறோக்கஸுக்கு ஆகாது. தாய்நிலத்தின் காய்ந்த கோடையை அது இன்னும் எதிர்பார்க்கிறது. அந்த உலர்ச்சியும் சூடும் உள்ள நாட்களில்தான் கிழங்குக்குள் அடுத்த பூ உருவாகிறது. மேப்பிள் மரத்தடி, லைலாக் செடியடி, கோடையில் நாங்கள் குழாய் பிடிக்காத மூலைகள் அதற்கு உகந்தவை. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, இலை காய்ந்த ஜூன் மாதத்தில், நெருங்கிப்போன திரளைக் கிளறிச் சிறுகிழங்குகளைப் பிரித்து வேறிடத்தில் நடலாம்.

இலை சாயும் அதே நாட்களில் கீழே மறைந்திருந்த சூலகம் மேலே வரும். விதை முதிர்ந்ததும் ஒரு சிறு காம்பு நீண்டு, காயை மண்ணின் மேற்பரப்புக்குத் தள்ளிவிடும். காய் மூன்றாகப் பிளந்து செம்பழுப்பு விதைகளைக் காட்டும். விதையோடு ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அவற்றை இழுத்துக்கொண்டு போய்த் தம் வளையருகே போட்டுவிடும். அடுத்த பங்குனியில் நீங்கள் நடாத இடத்தில், நடைக்கல் இடுக்கிலோ புல்தரையின் நடுவிலோ, நூல் போல ஒற்றை இலை ஒன்று எழும். நடுவில் வெள்ளைக்கோடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அது விதையிலிருந்து பிறந்த குறோக்கஸ் குழந்தை. பூக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டு எடுக்கும். புல் என்று பிடுங்கிவிடாதீர்கள்.